லாரியில் வந்திறங்கிய காரும் கூரையில் ஏறிய வயலினும்

சென்னையில் ஒரு ஞாயிறு காலை, பழைய கார் கண்காட்சி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். மைதானத்தில் ஆஸ்டின், மாரிஸ் மைனர், ஃபியட், ஒரு காலத்தில் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அட்டை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மஞ்சள் துணியோடு, ஏற்கெனவே பளபளத்த பம்பரை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையில் ஒரு கறுப்பு ஃபோர்டு மாடல் டி. இஞ்சினிலிருந்து சொட்டும் எண்ணெயைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருந்த பெரியவருடைய கார் அது. “இதை ஓட்டிக்கிட்டா வந்தீங்க ஐயா?” என்று கேட்டேன். சிரித்தார். “லாரில ஏத்திட்டு வந்தோம் தம்பி. கேட்ல இருந்து இங்க வரைக்கும்தான் ஓட்டினேன்.” அப்படியானால் எப்போதுதான் ஓட்டுவீர்கள் என்றேன். “வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை. எங்கயும் போறதுக்கில்ல. இன்னும் போகும்னு காட்டுறதுக்கு.”

அந்த நாட்களில் நான் யிட்டிஷ் மொழியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கருத்தைப் பிடிக்க முடியாமல் திணறிக்கொண்டும் இருந்தேன். பெரியவர் சொன்ன அந்த ஒரு வரியில் அது பிடிபட்டுவிட்டது. அந்தக் கருத்தைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். அதற்கு முதலில் யிட்டிஷ் என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

யிட்டிஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி. வயது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. இலக்கணத்தின் எலும்புக்கூடு ஜெர்மன். எழுத்து எபிரேயம், வலமிருந்து இடம். சமயம், சட்டம், படிப்பு சார்ந்த சொற்கள் பெரும்பாலும் எபிரேயத்திலிருந்தும் அரமேயத்திலிருந்தும் வந்தவை. வீட்டுப் புழக்கத்துச் சொற்கள் பலவும் போலிஷ், உக்ரேனியன் போன்ற ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தவை. இந்தக் கலவையைக் காட்ட மொழியியலாளர்கள் வழக்கமாக ஒரு வாக்கியம் சொல்வார்கள்: “நோக்ன் பென்ட்ஷ்ன் ஹாட் டெர் ஸெய்டெ கெகொய்ஃப்ட் அ செய்ஃபெர்.” சாப்பாட்டுக்குப் பிந்தைய பிரார்த்தனை முடிந்ததும் தாத்தா ஒரு சமய நூல் வாங்கினார் என்று பொருள். இதில் ‘பென்ட்ஷ்ன்’ லத்தீன் வழி வந்தது, ‘ஸெய்டெ’ ஸ்லாவியம், ‘செய்ஃபெர்’ எபிரேயம், மற்றதெல்லாம் ஜெர்மன். ஒரே வரிக்குள் ஒரு சமூகம் நடந்து வந்த பாதை முழுக்க இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்கள். அரபுத்தமிழ் என்கிறோமே, அதேதான். வாய்க்கு ஊர்மொழி, கைக்கு வேதத்தின் எழுத்து.

கிடைத்திருக்கும் மிகப் பழைய யிட்டிஷ் வாக்கியம் 1272-இல் எழுதப்பட்டது. ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்து யூதர்களின் பிரார்த்தனைப் புத்தகம் ஒன்றில், பெரிய எபிரேய எழுத்துகளின் உள்வெளிக்குள் பொடி எழுத்தில் யாரோ எழுதி வைத்த வாழ்த்து அது. இந்தப் புத்தகத்தைத் தொழுகைக் கூடத்துக்குச் சுமந்து செல்கிறவருக்கு நல்ல நாள் அமையட்டும் என்கிறது. எபிரேயத்தின் இடுக்கில் ஒண்டிக்கொண்ட மொழி என்பது யிட்டிஷின் நிலைமைக்கும் பொருந்தும். யூதர்களே எபிரேயத்தைப் புனித மொழி என்றும், யிட்டிஷை ‘மாமெ லோஷ்ன்’, அதாவது அம்மா மொழி என்றும் சொன்னார்கள். அம்மா என்றது பாசத்தினால் மட்டும் இல்லை. எபிரேயம் படிக்காத பெண்களுக்கான மொழி என்ற இளக்காரமும் அதில் உண்டு. படித்தவர்கள் பலர் அதை ‘ஜார்கன்’, கொச்சை என்று ஒதுக்கினார்கள். மொழி என்பது தரைப்படையும் கடற்படையும் வைத்திருக்கிற வட்டார வழக்குதான் என்ற புகழ்பெற்ற நக்கல் முதலில் அச்சேறியது யிட்டிஷில், 1945-இல். மொழியியலாளர் மாக்ஸ் வைன்ரைக்கின் சொற்பொழிவைக் கேட்க வந்த ஒருவர் அவரிடம் சொன்னது அது.

சரி, இப்போது படத்துக்கு வருவோம். யிட்டிஷ் பண்பாடு என்றதும் உலகத்தில் பெரும்பாலானோர் மனதில் எழும் படம் ஒன்றே ஒன்றுதான். சேறு படிந்த சின்ன ஊர், சாய்ந்த மர வீடுகள், தாடி வைத்த ஏழைப் பால்காரர், கூரைமேல் நின்று வயலின் வாசிக்கும் ஒருவர், வெள்ளிக்கிழமை மாலை மெழுகுவர்த்தி ஏற்றும் அம்மா. கூடவே கொஞ்சம் பேகல் ரொட்டி, கொஞ்சம் கிளாரினெட் இசை, நிறைய வசவும் நகைச்சுவையும்.

இந்தப் படத்தின் பெரும்பகுதி 1964-இல் நியூயார்க் பிராட்வே மேடையில் பிறந்தது. ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ என்ற இசை நாடகம். 1971-இல் திரைப்படமாகவும் வந்தது. மூலக்கதை ஷோலெம் அலெய்கெம் என்பவர் 1894 முதல் எழுதிவந்த, தெவ்யா என்ற பால்காரரின் கதைகள். (ஷோலெம் அலெய்கெம் என்பது புனைபெயர். உங்களுக்குச் சமாதானம் உண்டாகட்டும் என்ற வாழ்த்து. நம் முஸ்லிம் நண்பர்கள் சொல்லும் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ இதன் உடன்பிறப்பு.)

மூலக்கதையில் கூரையும் இல்லை, வயலினும் இல்லை. அது ஓவியர் மார்க் ஷகாலின் படங்களிலிருந்து நாடகத் தலைப்புக்கு ஏறிக்கொண்டது. அது பரவாயில்லை, தலைப்புதானே. கதைக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். நாடகத்தில் மூன்று மகள்களின் காதல் கதைகளும், கடைசியில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பம் அமெரிக்காவுக்குக் கிளம்புவதும் இருக்கும். மூலத்தில் இன்னொரு மகள் ஆற்றில் விழுந்து சாகிறாள். மனைவி கோல்டெ இறந்துபோகிறாள். தையல்காரர் மாப்பிள்ளையும் இறந்துபோகிறார். தெவ்யா அமெரிக்கா போவதில்லை. அமெரிக்காவில் டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்க வந்த பேரப்பிள்ளைகளுக்குத் தங்கள் குடும்பக் கதையின் முதல் அத்தியாயமாக அது அமைய வேண்டியிருந்தது. அமைத்தார்கள். பழைய காருக்குப் புதுப் பெயின்ட் அடிப்பது போலத்தான்.

இன்னொன்றும் தொலைந்தது. மூலத்தில் தெவ்யா தன் கதையை ஷோலெம் அலெய்கெமிடமே நேரில் உட்கார்ந்து சொல்கிறார். பேச்சுக்குப் பேச்சு எபிரேய வேத வசனம் எடுத்துவிட்டு, அதற்கு யிட்டிஷில் தன் இஷ்டத்துக்கு ஓர் உரை சொல்வார். அது தவறு என்று அவருக்குத் தெரியுமா, தெரிந்தேதான் சொல்கிறாரா என்பது பிடிபடாது. சிரிப்பெல்லாம் அந்த இரண்டு மொழிகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒரே மொழிக்கு மாற்றியதும் அந்தச் சிரிப்பு ஆவியாகிவிடுகிறது. மிஞ்சுவது வெகுளியான ஒரு கிராமத்து அப்பா.

இத்தனைக்கும் ஷோலெம் அலெய்கெம் கியேவ் நகரத்தில் வாழ்ந்தவர். பங்குச் சந்தையில் இறங்கி, கைக்கு வந்த சொத்தைத் தொலைத்தவர். 1916-இல் நியூயார்க்கில் அவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள். ஷகாலும் அப்படித்தான். அவர் ஓவியங்களில் ஆடும் பசுவும் பறக்கும் காதலருமாகத் தெரியும் அவருடைய சொந்த ஊர் வீடெப்ஸ்க், 1898-லேயே மின்சார டிராம் ஓடிய நகரம்.

சின்ன ஊர் என்பதற்கு யிட்டிஷில் ‘ஷ்டெட்டில்’ என்று பெயர். பழைய போலந்து, லித்துவேனியா பகுதிகளில் பிரபுக்கள் தங்கள் நிலத்தில் உருவாக்கிய சந்தை ஊர்கள் அவை. மக்களில் பாதிப்பேர் யூதர்களாக இருப்பது சகஜம். மீதிப்பேர் போலந்துக்காரர்கள், உக்ரேனியர்கள், பெலாரஸ்காரர்கள். வாரச் சந்தையன்று சுற்றுப்பட்டு விவசாயிகள் தானியமும் கோழியும் கொண்டுவருவார்கள், யூதர்களிடம் உப்பும் துணியும் வாங்கிப் போவார்கள். நாலு மொழியில் பேரம் நடக்கும். வெளியார் நுழையாத, தனக்குள் மூடிக்கொண்ட யூத உலகம் என்று அதைக் கற்பனை செய்வது பிற்கால வேலை.

அந்தக் கற்பனைக்கு ஆய்வு முத்திரை குத்தியது 1952-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு மானுடவியல் நூல். புலம்பெயர்ந்தவர்களிடம் பேட்டி எடுத்து, ஊர் ஊராக இருந்த வேறுபாட்டையெல்லாம் அரைத்து, ஒரே ஒரு மாதிரி ஷ்டெட்டிலைப் பிசைந்து எடுத்தார்கள். அதன் ஆசிரியர் இருவரில் ஒருவரான மார்க் ஸ்போரோவ்ஸ்கி, 1930-களில் பாரிஸில் ட்ராட்ஸ்கியின் மகனுக்கு நெருக்கமானவராக நடித்து ஸ்டாலினின் உளவுத்துறைக்குத் தகவல் அனுப்பியவர். பிறகு அமெரிக்காவில் பொய்ச்சாட்சி வழக்கில் சிறைக்கும் போனார். நூலின் பிழைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புகைப்படங்களின் கதை இன்னும் சுவாரசியம். 1930-களின் பிற்பாதியில் ரோமன் விஷ்னியாக் கிழக்கு ஐரோப்பா எங்கும் சுற்றிப் படமெடுத்தார். அவரை அனுப்பியது அமெரிக்க யூதர்களின் நிவாரண அமைப்பு ஒன்று. வறுமையைக் காட்டி நன்கொடை திரட்டுவது நோக்கம். ஆகவே கிழிந்த கோட்டும் வெறுங்கால் சிறுவனும் முதியவரின் கைச்சுருக்கமும் தேடித் தேடி எடுக்கப்பட்டன. போருக்குப் பின் அதே படங்கள் ‘மறைந்துபோன உலகம்’ ஆகிவிட்டன. பல வருஷம் கழித்து அவருடைய நெகட்டிவ்களை ஆராய்ந்தவர்கள், அவர் கடைத்தெருவையும் நவீன உடை அணிந்த நகரவாசிகளையும்கூட நிறைய எடுத்திருந்ததைக் கண்டார்கள். அவை வெளியே வரவில்லை, அவ்வளவுதான். உதவி கேட்க எடுத்த படம் நினைவுச்சின்னமாக மாறும்போது, ஏழ்மையே பண்பாடு என்றாகிவிடுகிறது.

அப்படியானால் படத்துக்கு வெளியே நின்றது எது?

முதலில், நகரம். 1939-இல் வார்சாவில் மட்டும் மூன்றரை லட்சத்துக்கும் மேல் யூதர்கள். நகர மக்களில் பத்துக்கு மூன்று பேர். அங்கே யிட்டிஷில் நாளிதழ்கள் பல, சினிமா, நாடகக் கம்பெனிகள், கால்பந்துச் செய்தி, மலிவு விலைத் தொடர்கதை எல்லாம் இருந்தன. வில்னா நகரத்தில் 1925 முதல் யீவோ என்ற ஆய்வு நிறுவனம் இயங்கியது. யிட்டிஷுக்குச் சீரான எழுத்துமுறை வகுப்பது, பொருளாதாரம், உளவியல், நாட்டார் வழக்காறு என்று எல்லாவற்றையும் யிட்டிஷிலேயே ஆராய்வது அதன் வேலை. 1908-இல் செர்னோவிட்ஸ் நகரத்தில் எழுத்தாளர்கள் மாநாடு கூட்டி, யிட்டிஷ் யூதர்களின் தேசிய மொழிகளுள் ஒன்று என்று தீர்மானம் போட்டார்கள். எபிரேயமா யிட்டிஷா என்று அங்கே நடந்த சண்டையைப் படித்தால், நம் மொழி மாநாடுகளை நினைத்துப் புன்னகைக்கத் தோன்றும்.

அப்புறம், தொழிற்சங்கம். என்னைக் கேட்டால், இதுதான் அந்தப் பிரபல படத்தில் மிக மோசமாகக் காணாமல்போன பகுதி. 1897-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. வில்னாவில் ‘புண்ட்’ என்ற யூதத் தொழிலாளர் சோஷலிசக் கட்சி ரகசியமாகத் தொடங்கப்பட்டது. நியூயார்க்கில் ‘ஃபோர்வெர்ட்ஸ்’ என்ற யிட்டிஷ் நாளிதழ் தொடங்கப்பட்டது. அந்த நாளிதழ் உச்சத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதில் 1906 முதல் வாசகர் கடிதப் பகுதி ஒன்று வந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், முதலாளி தொட்டுப் பேசுகிறான், நாத்திகனாகிவிட்ட நான் அப்பாவுக்காகத் தொழுகைக்குப் போகலாமா என்று ஜனங்கள் எழுதிக் கேட்பார்கள். ஆசிரியர் பதில் சொல்வார். கூரைமேல் வயலின் வாசிக்கும் உலகத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடம் கிடையாது.

1909 நவம்பரில் நியூயார்க் கூப்பர் யூனியன் அரங்கில் சட்டை தைக்கும் தொழிலாளர் கூட்டம். தலைவர்கள் மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கிளாரா லெம்லிக் என்ற இளம்பெண் எழுந்து மேடையேறி, பேச்சு போதும், பொது வேலைநிறுத்தம் என்று யிட்டிஷில் முழங்கினாள். இருபதாயிரத்துக்கும் அதிகமானோர், பெரும்பாலும் பெண்கள், வேலையை விட்டு இறங்கினார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, 1911 மார்ச்சில், ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். பலர் யிட்டிஷ் பேசிய யூதப் பெண்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் இத்தாலியப் பெண்கள். இன்று மென்மையான காலை உணவாகிவிட்ட பேகலுக்குக்கூட நியூயார்க்கில் சுடுபவர்களின் தனித் தொழிற்சங்கம் இருந்தது. அந்த வேலையும் அந்தச் சங்கமும் யிட்டிஷில்தான் நடந்தன.

இப்போது அந்தக் கார் உவமை எங்கே உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாடல் டி தெருவை விட்டுப் போனதற்குக் காரணம் அதைவிட நல்ல கார்கள் வந்தது. அதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. யிட்டிஷ் அப்படிப் பழசாகி ஒதுங்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகத்தில் யிட்டிஷ் பேசியவர்கள் ஒரு கோடிக்கும் மேல். நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களில் மிகப் பெரும்பான்மையோர் யிட்டிஷ் பேசியவர்கள். மொழி ஓடிக்கொண்டிருந்தது, ஓட்டியவர்களைக் கொன்றார்கள்.

மிச்சம் இருந்த இடங்களிலும் சும்மா விடவில்லை. சோவியத் யூனியன் தொடக்கத்தில் யிட்டிஷ் பள்ளிகளையும் நாடக அரங்குகளையும் அரசுச் செலவில் நடத்தியது. பிறகு அதே அரசு 1952 ஆகஸ்ட் 12 அன்று பதின்மூன்று பேரை மாஸ்கோ சிறையில் சுட்டுக் கொன்றது. யிட்டிஷ் எழுத்தாளர்களான பெரெட்ஸ் மார்கிஷ், டாவிட் பெர்கெல்சன், குழந்தைக் கவிஞர் லெய்ப் க்விட்கோ ஆகியோர் அவர்களில் உண்டு. இஸ்ரேலில் எபிரேயமே தேசத்தின் மொழி என்று முடிவெடுத்தவர்களுக்கு யிட்டிஷ், நாடில்லாமல் அலைந்த காலத்தின் அவமானச் சின்னமாகப் பட்டது. தொடக்க ஆண்டுகளில் யிட்டிஷ் நாடகத்துக்கும் நாளிதழுக்கும் தடைகள் போட்டார்கள். அமெரிக்காவில் தடை எதுவும் தேவைப்படவில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போனார்கள். அப்பா அம்மா, பிள்ளைகளுக்குப் புரியக்கூடாத விஷயத்தை மட்டும் யிட்டிஷில் பேசினார்கள்.

இப்படி நாலாபுறமும் மொழி சுருங்கியபிறகு ஒரு விநோதம் நடந்தது. மொழி தெரியாதவர்களிடையே மொழியின் மேல் பிரியம் பெருகியது. ‘ஹுட்ஸ்பா’ என்று அச்சடித்த காபிக் கோப்பை வந்தது. ஹுட்ஸ்பா என்றால் துணிச்சலான திமிர். அப்பா அம்மாவைக் கொன்றுவிட்டு, நான் அனாதை, இரக்கம் காட்டுங்கள் என்று நீதிபதியிடம் கேட்பவனிடம் இருப்பது. யிட்டிஷ் வசவுகளை மட்டும் தொகுத்த குட்டி அகராதிகள் வந்தன. கல்யாண வீட்டு இசையான ‘கிளெஸ்மர்’ 1970-களில் அமெரிக்காவில் புத்துயிர் பெற்று ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போனது. கிளெஸ்மர் என்பது எபிரேயத்தில் வாத்தியம் என்று பொருள்படும் சொல். யிட்டிஷில் வாசிப்பவரைக் குறித்தது. போலந்தின் க்ராகோ நகரத்தில் போருக்கு முன் நாலு பேரில் ஒருவர் யூதர். அவர்கள் இல்லாமல்போன காசிமியெஷ் பேட்டையில் 1988 முதல் யூதப் பண்பாட்டு விழா நடக்கிறது. இசைப்பவர், கேட்பவர் இரண்டிலும் யூதரல்லாதோர் ஏராளம். ரஷ்யாவின் கிழக்கு மூலையில், ஸ்டாலின் காலத்தில் யூதர்களுக்கென்று ஒதுக்கிய பிரோபிஜான் நகரத்து ரயில் நிலையத்தில் இன்றும் ஊர்ப்பெயர் யிட்டிஷில் இருக்கிறது. அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கே சொற்பம்.

இந்த நிலைக்கு ஜெஃப்ரி ஷாண்ட்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வைத்த பெயர் ‘போஸ்ட்வெர்னாகுலர்’. தமிழில் ‘புழக்கம் கடந்த நிலை’ என்று நான் சொல்லிக்கொள்கிறேன். எந்த மொழிக்கும் இரண்டு வேலை உண்டு. ஒன்று, சேதி சொல்வது: “உப்பை எடு”, “பஸ் போய்விட்டது”. இன்னொன்று, இந்த மொழியில் சொல்கிறேன் என்பதாலேயே ஏதோ ஒன்றைத் தெரிவிப்பது. அன்றாடப் புழக்கத்தில் முதல் வேலை முன்னால் நிற்கும், இரண்டாவது பின்னால் மங்கலாகத் தெரியும். புழக்கம் கடந்த நிலையில் இது தலைகீழாகிறது. என்ன சொன்னோம் என்பதைவிட, யிட்டிஷில் சொன்னோம் என்பதே சேதியாகிவிடுகிறது. ஒரு யிட்டிஷ் பாட்டை மேடையில் பாடும்போது, பார்வையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வரிகள் புரியாது. ஆனாலும் கண் கலங்குவார்கள். கலங்க வைத்தது வரியின் பொருள் இல்லை; அந்த ஒலி இன்னும் காற்றில் இருக்கிறதே என்பது.

எங்கயும் போறதுக்கில்ல, இன்னும் போகும்னு காட்டுறதுக்கு.

இதைக் கேட்டதும், ஓ, அப்படியானால் எல்லாம் வெறும் வேஷம் என்று முடிவுகட்டத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் கண்காட்சியில் நின்றவர்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. துணியால் பம்பர் துடைக்கிறவரும் உண்டு. கார்புரேட்டரைத் தானே கழற்றிப் பூட்டத் தெரிந்தவரும் உண்டு. யிட்டிஷிலும் இரண்டாம் வகையினர் இருக்கிறார்கள். ஆரன் லான்ஸ்கி என்ற மாணவர் இருபத்துச் சொச்ச வயதில், யிட்டிஷ் இலக்கியம் படிக்கப் புத்தகம் கிடைக்காமல் தேட ஆரம்பித்தார். தாத்தா இறந்ததும், வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் புத்தகங்களைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்த காலம். அவர் 1980-இல் மாசசூசெட்ஸில் யிட்டிஷ் புத்தக மையத்தைத் தொடங்கியபோது, மீட்கக்கூடிய புத்தகங்கள் மொத்தம் எழுபதாயிரம் இருக்கலாம் என்றார்கள் நிபுணர்கள். மீட்டது பத்து லட்சத்துக்கும் மேல். வீட்டுக்குப் போனால் முதியவர்கள் சும்மா புத்தகத்தைக் கொடுத்தனுப்புவதில்லை. உட்கார வைத்து, சாப்பாடு போட்டு, ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து, அது எப்போது வாங்கியது, யாரோடு படித்தது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார்களாம். அந்தப் புத்தகங்களில் பெரும்பங்கு இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021-இல் டுவோலிங்கோ செயலியிலும் யிட்டிஷ் வந்துவிட்டது.

இதற்குள் ஒரு வாசகர் குறுக்கிட்டிருக்க வேண்டும்: புழக்கம் கடந்துவிட்டது என்று யார் சொன்னது?

நியாயமான கேள்வி. நியூயார்க் புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க், நியூயார்க் நகரத்துக்கு வடக்கே கிரியாஸ் ஜோயெல், லண்டனின் ஸ்டாம்ஃபோர்டு ஹில், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப், ஜெருசலேமின் மெயா ஷெயாரிம். இங்கெல்லாம் ஹசிதிக் யூதர்கள், அதாவது சமய ஆசாரத்தை இறுகப் பிடித்து வாழும் யூதப் பிரிவினர், பிள்ளையைத் திட்டுவதும் மளிகைக் கடையில் விலை கேட்பதும் யிட்டிஷில்தான். குழந்தைகள் அதிகம் பெறும் சமூகம் என்பதால் பேசுவோர் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய யிட்டிஷில் ஆங்கிலச் சொல் தாராளம். வேற்றுமை உருபு, பால் விகுதி எல்லாம் தளர்ந்துவிட்டன. யீவோ வகுத்த எழுத்துமுறையை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. பல்கலைக்கழகத்தில் யிட்டிஷ் கற்றவர்களுக்கு அதைக் கேட்டால் காது கூசும்.

கண்காட்சிக்கு வெளியே தெருவில் ஓர் அம்பாசடர் போனது நினைவுக்கு வருகிறது. கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம், உள்ளே வேறு ஏதோ வண்டியின் டீசல் இஞ்சின். மேலே கேரியரில் வாழைத்தார்கள். உள்ளே மைதானத்தில் நின்றவர்களில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரிஜினல் பாகங்கள் இல்லையே! ஆனால் சரக்கு ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது அந்த ஒன்றுதான். ஹசிதிக் யிட்டிஷ் பிரபல படத்தில் இடம்பெறாததற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். நினைவேக்கத்தோடு பார்க்க, பார்க்கப்படுகிற பொருள் முதலில் இறந்தகாலத்துக்குப் போயிருக்க வேண்டும். இவர்கள் போகவில்லை. தவிர, இவர்கள் பெரும்பாலும் சினிமா, நாடகம், மதச்சார்பற்ற நாவல் பக்கம் வருவதில்லை. மார்கிஷையும் பெர்கெல்சனையும் வாசிக்க ஆசைப்படுகிறவருக்கு மொழி புழக்கத்தில் இல்லை. மொழி புழக்கத்தில் இருப்பவருக்கு அவர்கள் வேண்டாம். 1978-இல் நோபல் பரிசு வாங்கிய யிட்டிஷ் எழுத்தாளர் ஐசக் பஷெவிஸ் சிங்கர், யிட்டிஷ் இன்னும் தன் கடைசிச் சொல்லைச் சொல்லிவிடவில்லை என்று ஏற்புரையில் குறிப்பிட்டார். சொல்லிவிடவில்லை என்பது சரிதான். ஆனால் இன்று அதைச் சொல்கிற வாய்கள், அவர் யாருக்காக எழுதினாரோ அந்த வாசகர்களுடையவை இல்லை.

கண்காட்சியிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகு, அந்த மாடல் டி-யைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். இந்தியாவுக்கு வந்த ஃபோர்டுகள் பெரும்பாலும் கனடா ஆலையில் செய்தவை என்று தெரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்தேன். வேறொன்றும் தட்டுப்பட்டது.

ஹென்றி ஃபோர்டு சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். பெயர் ‘டியர்பார்ன் இண்டிபெண்டன்ட்’. 1920 மே மாதம் முதல் அது யூதர்களே உலகத்தின் எல்லாக் கேடுக்கும் காரணம் என்று வாராவாரம் தொடர் எழுதியது. கார் விற்ற டீலர்களின் தலையில் பத்திரிகைக்குச் சந்தா சேர்க்கும் வேலையையும் கட்டினார்கள். யிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்தன. யூதர்கள் பலர் ஃபோர்டு கார் வாங்குவதை நிறுத்தினார்கள். விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துவந்த ஆரன் சபீரோ என்ற வழக்கறிஞர் அவதூறு வழக்குப் போட்டார். 1927-இல் ஃபோர்டு இறங்கிவந்து மன்னிப்புக் கடிதம் வெளியிட்டார். அந்தக் கடிதத்தை அவருக்காக எழுதிக்கொடுத்தவர் லூயி மார்ஷல் என்ற யூத வழக்கறிஞர். ஜெர்மன் பேசிய வீட்டில் பிறந்த மார்ஷல், குடியேறி வந்த ஜனங்கள் என்ன படிக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகப் பெரியவனான பிறகு யிட்டிஷ் கற்றுக்கொண்டவர்.

மன்னிப்புக் கடிதம் வந்தது ஜூலையில். அதற்குச் சில வாரம் முன்னால், மே 26 அன்று, ஒன்றரைக் கோடியாவது மாடல் டி ஆலையை விட்டு வெளியே வந்தது. அத்தோடு அந்த மாடலையே நிறுத்தினார்கள்.

கண்காட்சி முடிகிற நேரம் பெரியவர் தன் காரைக் கிளப்பிக் காட்டினார். முன்னால் குனிந்து, சுழற்றுக் கம்பியை ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவதில் இருமிக்கொண்டு உயிர் வந்தது. கைத்தட்டினோம். கேட் வரை ஓட்டிப்போய், பலகை சாய்த்திருந்த லாரியில் ஏற்றினார். காருக்கு முன்னால் வைத்திருந்த அட்டை புல்லில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதில் இருந்தது மூன்றே வரி. ஃபோர்டு மாடல் டி. ஆண்டு 1923. இருபது குதிரைத்திறன்.